கையை நீட்டச் செய்யும் கல்வி

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் அதியமான்கோட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றே: “சாமி, பிள்ளையை எந்தப் படிப்பிலே சேர்க்கலாம்?” மருத்துவம் எட்டாதென்றால் செவிலியர் பயிற்சி, அதுவும் இல்லையென்றால் பொறியியல். இவற்றுக்கு அப்பால் நம் நினைவு செல்வதில்லை. ஆதலின் நம் குடும்பங்கள் அதிகம் அறியாத ஒரு கல்வியைப் பற்றி இங்கு எடுத்துரைக்க விழைகிறோம். ஆக்குபேஷனல் தெரபி என்பது அதன் பெயர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை எனலாம்.

பெயரைக் கேட்டதும் தொழிற்சாலையை எண்ணிவிட வேண்டாம். மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்கள் அனைத்தும் இங்கே தொழில் எனப்படும். பல் துலக்குதல், குளித்தல், சட்டைக்குப் பொத்தானிடுதல், களியைக் கிள்ளி உண்ணுதல், அடுப்பு மூட்டுதல், எழுதுதல், உழைத்துப் பொருளீட்டுதல் யாவும் அதில் அடங்கும். நோயாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ இவற்றைச் செய்ய இயலாதவரை, செய்ய வல்லவராக்குவதே இச்சிகிச்சையின் நோக்கம். பிசியோதெரபி தசைக்கும் மூட்டுக்கும் வலிமையும் அசைவும் தருகின்றது. அந்த அசைவைக் கொண்டு ஒருவர் சோறு பிசையவும் தலை வாரவும் கற்பிப்பது தொழில்வழிச் சிகிச்சை. இரண்டும் உடன்பிறந்தவை.

கை சூம்பிய கொத்தனார்

தொழுகைக் கூடத்தில் கை சூம்பிய ஒருவரை ஆண்டவர் இயேசு குணமாக்கியதை நாம் அறிவோம். சூம்பியது வலக்கை என லூக்கா குறிப்பிடுகிறார். மத்தேயு நற்செய்திக்கு விளக்கவுரை எழுதிய புனித எரோணிமுஸ், தம் காலத்தில் வழங்கிய வேறொரு பழைய நூலிலிருந்து ஒரு செய்தியைத் தருகிறார். அம்மனிதர் கொத்தனாராம். கையால் உழைத்துப் பிழைத்தவராம். நாணத்தோடு இரந்துண்ணும் நிலை வராதபடி தமக்கு நலம் அருளுமாறு வேண்டினாராம். திருச்சபை ஏற்றுக்கொண்ட விவிலிய நூல்களில் இச்செய்தி இல்லை. எனினும் நோயுற்ற மனிதனின் உள்ளத்தை இது எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது! அவர் கேட்டது உணவன்று. உணவைத் தாமே ஈட்டும் கை.

ஆண்டவரும் அவருக்குப் பிச்சையிடும்படி பிறரை ஏவவில்லை. அவரையே எழுந்து நடுவில் நிற்கச் சொன்னார். கையை அவரே நீட்டும்படி பணித்தார்.

அன்பு அறியாமல் செய்யும் தீங்கு

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது வீட்டுக்கு வீடு நாம் காண்பது என்ன? தொப்பூர்க் கணவாய்ச் சாலையில் விபத்துக்குள்ளான இளைஞர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று சாரத்திலிருந்து விழுந்தவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தந்தை, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர் இது. இன்றைய மருத்துவமும் பலருக்கு ஆயுளை மீட்டுத் தருகிறது. மீட்ட ஆயுளை அவர்கள் எவ்வாறு வாழ்வார்கள் என்பதே அடுத்த கேள்வி.

நம் குடும்பங்களில் அன்புக்குக் குறைவில்லை. மனைவி ஊட்டுகிறாள், மகள் உடுத்துகிறாள், மகன் தூக்கிச் செல்கிறான். ஆனால் எல்லாவற்றையும் பிறரே செய்துவிடும்போது, எஞ்சியிருந்த சிறிதளவு திறனும் பழக்கமின்றி மங்குகிறது. “நான் எல்லார்க்கும் பாரம்” என்ற எண்ணம் நோயாளியின் மனத்தில் வேரூன்றுகிறது. கட்டிலில் கிடப்பவரைக் காட்டிலும் அவ்வெண்ணமே கனமானது.

பயிற்சி பெற்றவர் வந்தால் என்ன செய்வார்? “உங்களால் எதைச் செய்ய முடிய வேண்டுமென விரும்புகிறீர்கள்?” என்று நோயாளியையே கேட்பார். அந்தச் செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் தடை என்று கண்டறிவார். பக்கவாதமுற்றவர் சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். கரண்டியின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் இறுகப் பிடிக்க இயலாத விரல்களும் அதைப் பிடிக்கும். தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் அது நழுவாது. கழிவறைச் சுவரில் ஒரு கம்பி பதித்தால் துணையின்றி எழலாம். குழந்தைக்கு விளையாட்டையே சிகிச்சையாக்குவார். மனநோயிலிருந்து தேறி வருபவருக்கு நாளை ஒழுங்குபடுத்தி வேலைப் பழக்கத்தை மீட்டுத் தருவார்.

வேலூரில் ஒரு சான்று

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். கை நிமிர்ந்தும் பிழைப்பு இல்லையேல் என்ன பயன்? ஆதலின் அவர்களுக்குத் தச்சு முதலிய கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன.

அங்குப் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் உதவியின்றித் தம் காரியங்களைச் செய்யும் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டி எழுப்பினார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். தாம் பெற்ற பயிற்சியைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஆயிரவர்க்குப் பகிர்ந்த அவர் வாழ்வு, சபை வேறுபாடின்றி நாம் அனைவரும் போற்றத்தக்கது.

கல்வியின் வழி

இந்தியாவில் இக்கல்விக்கு வித்திட்டவர் அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், கோவை, சென்னைப் பகுதிகளிலுள்ள சில கல்லூரிகளிலும் இப்பட்டப்படிப்பு உண்டு. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட படிப்பு. அதில் மருத்துவமனைப் பயிற்சியும் அடங்கும். 2021-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்கீழ் இத்தொழில் வருவதால் நுழைவு விதிகள் மாறி வருகின்றன. ஒவ்வோராண்டும் சேர்க்கை அறிவிப்பைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

உடற்கூற்றியல், நரம்பியல், உளவியல் ஆகியவற்றோடு, கைக்கு அணைகட்டை செய்தல், வீட்டையும் கருவிகளையும் நோயாளிக்கு ஏற்ப மாற்றி அமைத்தல் முதலியனவும் கற்பிக்கப்படும். மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், மனநல நிலையங்கள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றில் பணி கிடைக்கும். தொடக்க ஊதியம் பெரிதாயிராது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். பொறுமையில்லாதவர்க்கு இப்பணி ஒத்துவராது. ஒரு பொத்தானை இடக் கற்பிப்பதற்கே வாரங்கள் ஆகலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுள் கைவேலையில் நாட்டமும் நோயாளியிடம் பரிவும் உடையவர் இருப்பின், இக்கல்வியைப் பற்றி அவரோடு பேசுங்கள். நோயாளி இருக்கும் இல்லத்தாரே, இன்றே ஒரு சிறு செயலை அவர் கையிலேயே விட்டுக் கொடுங்கள். தண்ணீர்க் குவளையை அவரே எடுக்கட்டும். சிறிது சிந்தினாலும் பொறுத்துக் காத்திருங்கள். பிறர்க்குச் செய்வது அன்பு. பிறரைச் செய்ய வல்லவராக்குவது அதனினும் பெரிய அன்பு.