காயவிட்டால்தான் காகிதப்பூ பூக்கும்

புக்கிட் பாத்தோக் வீவக புளோக்குகளில் காகிதப்பூத் தொட்டிக்குப் பஞ்சமில்லை. இலை கொழுத்திருக்கும், பூ மட்டும் வராது. கோளாறு பெரும்பாலும் நம் பாசத்தில்தான்: காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர்.

சிங்கப்பூரில் குளிர்காலமோ வசந்தமோ கிடையாது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் இங்கே பல செடிகளும் மரங்களும் வெயிலையும் மழையையும் பார்த்தே பூக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், பிப்ரவரியில் காயும். காய்ந்த பிறகு நல்ல மழை பெய்தால், மார்ச், ஏப்ரல் வாக்கில் சாலையோரத் தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். நாம் 'சக்குரா' என்று படமெடுக்கிறோம். மரம் வந்ததென்னவோ மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து.

புறா ஆர்க்கிட்டின் கணக்கு இன்னும் கறார். தூங்குமூஞ்சி மரங்களில் ஒட்டி வளரும் உள்ளூர்ச் செடி இது. திடீர் மழையால் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால், சுமார் 9 நாள் கழித்து வட்டாரமே ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். மறுநாள் வாடிவிடும்.

காகிதப்பூவுக்கு நாமே வறட்சியை உண்டாக்கலாம். இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு அளவாக ஊற்றுங்கள். தழைச்சத்து உரம் கூடினால் பச்சை இலைதான் பெருகும். நாம் இதழ் என்று நினைக்கும் நிறமெல்லாம் உண்மையில் இலைதான். நடுவில் குழல்போல நிற்கும் சிறு வெள்ளைப்பூவே அசல் பூ.

மல்லிகை வேறு ரகம். தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வார்கள். மார்ச் முதல் பூக்கும். இங்கே அந்த மாதக் கணக்கு வேண்டாம். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். தாழ்வாரத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டுமே விழுவதால் தொட்டியை அவ்வப்போது திருப்பி வையுங்கள். நேர் வெயில் ஐந்து மணி நேரமாவது வேண்டும். எதிர் புளோக்கின் நிழல் விழும் கீழ்த்தளம் என்றால், கேம்பல் லேன் பூக்கடையில் முழம் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தாழ்வாரத்தில் தொட்டிகளை ஒதுக்கி, நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும். அடித்தட்டை நான் எடுத்துவிடவே சொல்வேன். அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். இறுகிய மேல்மண்ணிலும் நீர் நிற்கும். பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.