கானகம் காத்த தூரிகை

மலையும் அருவியும் காண்போர் உள்ளத்தைக் கவர்வது இயல்பு. அவற்றைக் காணாதவரையும் அவற்றின்பால் அன்புகொள்ளச் செய்வது கலைஞனின் ஆற்றலாகும். அமெரிக்க ஓவியர் தாமஸ் மோரன் அவ்வாற்றல் வாய்ந்தவர்.

1871ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் பகுதியை ஆராய, நிலநூல் அறிஞர் ஹேடன் தலைமையில் ஒரு குழு சென்றது. மோரனும் உடன் சென்றார். கொதித்தெழும் வெந்நீர் ஊற்றுகளையும், மஞ்சள் நிறப் பாறைகளிடையே 308 அடி உயரத்திலிருந்து வீழும் அருவியையும் அவர் நீர்வண்ணத்தில் தீட்டினார். அக்குழுவினரான ஜாக்சன் நிழற்படங்கள் எடுத்தார். அந்நாளைய நிழற்படம் வடிவத்தைக் காட்டுமேயன்றி வண்ணத்தைக் காட்டாது. அக்குறையை மோரனின் தூரிகை நிறைவு செய்தது.

அமெரிக்கச் சட்டமன்றமாகிய காங்கிரசின் உறுப்பினர்கள் இப்படங்களைக் கண்டனர். அப்பகுதியைக் காக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1872 மார்ச்சு முதல் நாளன்று, அதனைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையொப்பமிட்டார். அவ்வாண்டில் மோரன் தீட்டிய 12 அடி அகலப் பேரோவியத்தைக் காங்கிரசு 10,000 டாலருக்கு வாங்கியது.

மோரன் கண்டதை அப்படியே படியெடுத்தாரல்லர். காட்சியின் மாட்சி புலப்படுமாறு மலையையும் பாறையையும் இடம் மாற்றி அமைத்தார். உணர்ச்சிக்கு முதலிடம் தரும் ரொமாண்டிக் ஓவியர்தம் மரபு அது. ஆயினும், இத்தகைய ஓவியங்களைக் கண்ட பலர் அந்நிலத்தை மக்கள் வாழாக் காடு என்றே எண்ணினர். ஷோஷோனியர் முதலான பழங்குடியினர் அங்கு நெடுங்காலமாக வேட்டையாடி வாழ்ந்தவர்கள். பூங்கா அமைந்தபின் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கானகத்தைக் காத்த ஓவியத்தைப் போற்றுவோர், அக்கானகத்தை இழந்த மக்களையும் நினைத்தல் வேண்டும்.