சாலையும் தடமும்: எடி மெர்க்ஸின் பந்தய வாழ்வு

தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டு களங்கள் உண்டு. ஒன்று, ஊர்களையும் மலைகளையும் கடந்து நீளும் பொதுச் சாலை. மற்றொன்று, வெலோட்ரோம் என்று அழைக்கப்படும், வளைவுகளில் சுவர்போல் சாய்ந்து உயரும் நீள்வட்டத் தடம். சாலையில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கும் பல கியர்களும் இருக்கும். தடத்தில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது, பின்சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்த ஒரே கியர்தான் உண்டு என்பதால், சக்கரம் சுழலும்வரை வீரரின் கால்களும் ஓயாமல் சுழன்றாக வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனித் தொழில்களாகக் கருதுவோர் பலர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சைக்கிள் வீரராகப் பலரும் ஏற்றுக்கொள்ளும் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸின் வாழ்வை உற்று நோக்கினால், சாலையில் அவர் வளர்த்த வலிமைக்கு உரைகல்லாக அமைந்ததும் தடம்தான், அந்த வலிமையைக் குலைத்த காயத்தைத் தந்ததும் தடம்தான் என்பது விளங்கும்.

1945 ஜூன் 17 அன்று மீன்சல்-கீசெகெம் என்ற சிற்றூரில் பிறந்த மெர்க்ஸ், பெற்றோர் மளிகைக் கடை நடத்திவந்த பிரஸ்ஸல்ஸ் புறநகர் ஒன்றில் வளர்ந்தார். 1961இல் பந்தயங்களில் இறங்கிய அவர், 1964இல் தொழில்முறை சாராத வீரர்களுக்கான உலகச் சாலைப் பந்தயத்தில் வென்று, அடுத்த ஆண்டே ஊதியம் பெறும் வீரரானார். ஐரோப்பாவில் தொழில்முறை அணிகள் நாடுகளின் பெயரால் அன்றி, அவற்றுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்களின் பெயரால் அறியப்படுகின்றன. மெர்க்ஸ் பிரெஞ்சு நிறுவனமான பூஜோவின் அணியிலும், பின்னர் காப்பி இயந்திரம் செய்யும் ஃபேமா, இறைச்சிப் பண்டங்கள் செய்யும் மோல்டெனி ஆகிய இத்தாலிய நிறுவனங்களின் அணிகளிலும் புகழ்பெற்றார். அக்காலத்தில் அணி ஊதியத்தோடு, பெரிய பந்தயங்கள் முடிந்தபின் சிறு நகரங்களில் நடக்கும் காட்சிப் பந்தயங்களுக்குத் தரப்படும் தொகையும், குளிர்காலத்தில் கூரையிட்ட தடங்களில் நடக்கும் 'ஆறு நாள்' பந்தயங்களின் வருவாயும் சேர்ந்தே ஒரு வீரரின் ஆண்டு வருமானமாக அமைந்தன.

ஆறு நாள் பந்தயத்தில் இருவர் ஓர் அணியாகச் சேர்ந்து, ஒருவர் முழு வேகத்தில் ஓட மற்றவர் தடத்தின் மேற்புறத்தில் மெல்லச் சுற்றி இளைப்பாறி, முறை வரும்போது ஒருவர் கையை மற்றவர் பற்றி முன்னே வீசி வேகத்தைக் கைமாற்றுவர். இளமைக்கால நண்பரும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் தடப் போட்டியில் தங்கம் வென்றவருமான பாட்ரிக் செர்க்குவோடு இணைந்து மெர்க்ஸ் இப்பந்தயங்களில் ஓடினார். மொத்தம் 17 ஆறு நாள் பந்தயங்களில் வென்றார். நெருக்கமான கூட்டத்துக்குள் அஞ்சாமல் வண்டியைச் செலுத்தவும், கால்களைச் சீராகவும் விரைவாகவும் சுழற்றவும் இத்தகைய தடப் பந்தயங்களே வீரர்களைப் பழக்கின.

சாலையில் அவர் வலிமை முழுமையாக வெளிப்பட்டது 1969ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில். மூன்று வாரங்கள் நீளும் இப்பந்தயத்தில், ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டி மிகக் குறைந்த நேரத்தில் ஓடியவருக்கு மஞ்சள் சட்டை வழங்கப்படும். அதற்குச் சில வாரங்கள் முன்பு, இத்தாலியைச் சுற்றும் ஜிரோ பந்தயத்தில் ஊக்கமருந்துச் சோதனையின் முடிவைக் காரணம் காட்டி அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். தாம் குற்றமற்றவர் என்று அவர் உறுதியாக மறுத்தார், தடையும் விரைவில் நீக்கப்பட்டது. பிரான்ஸில் ஏற்கெனவே முன்னிலையில் இருந்த அவர், பிரனீஸ் மலைகளில் டூர்மலே கணவாயை நெருங்கும்போது கூட்டத்தைப் பிரிந்து, சுமார் 140 கிலோமீட்டர் தூரம் தன்னந்தனியாக ஓடி, அந்த நாளை ஏறத்தாழ எட்டு நிமிட முன்னிலையில் வென்றார். முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டி ஓடினால் காற்றின் தடை வெகுவாகக் குறையும் என்பதாலேயே வீரர்கள் கூட்டமாக ஓடுகின்றனர். அந்தப் புகலிடத்தை வலியத் துறந்ததில்தான் அச்செயலின் பெருமை இருக்கிறது. இறுதியில் அவர் 17 நிமிடம் 54 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்ஸின் புளுவா நகரத் தடத்தில், டெர்னி எனப்படும் சிறு மோட்டார் வண்டியின் பின்னே ஓடும் பந்தயத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. முன்னால் வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் உயிரிழந்தார். மெர்க்ஸ் நினைவிழந்தார், அவருடைய முதுகெலும்பும் இடுப்பெலும்பும் காயமுற்றன. அதன்பின் மலையேறும்போது வலியின்றி அமர முடியவில்லை என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். இருக்கையின் உயரத்தை ஓயாமல் மாற்றிப் பார்ப்பது அவருடைய பழக்கமாயிற்று. அவருடைய ஐந்து டூர் வெற்றிகளில் நான்கும், ஐந்து ஜிரோ வெற்றிகளில் நான்கும் இந்த விபத்துக்குப் பிந்தியவை என்பதைக் கருதினால், அவர் தாங்கிய வலியின் அளவு புரியும்.

அந்த உடலோடுதான் அவர் 1972இல் 'ஒரு மணி நேரச் சாதனை'யை நாடினார். போட்டியாளரோ துணைவரோ இன்றி, ஒருவர் மட்டும் தடத்தில் அறுபது நிமிடங்களில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதே இதன் அளவு. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ நகரை அவர் தேர்ந்தெடுத்தார். அங்கே காற்றின் அடர்த்தி குறைவென்பதால் தடை குறையும், ஆனால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். இதற்குப் பழக, வீட்டில் உருளைகளின் மேல் நிறுத்திய சைக்கிளை மிதித்தபடி, ஆக்சிஜன் குறைந்த காற்றை முகமூடி வழியே சுவாசித்துப் பயிற்சி செய்தார். இத்தாலியக் கைவினைஞர் எர்னெஸ்டோ கொல்னாகோ, பாகங்களில் துளையிட்டும் எடையைக் குறைத்தும் 6 கிலோவுக்கும் குறைவான வண்டியைச் செய்து தந்தார். அக்டோபர் 25 அன்று மெர்க்ஸ் முதல் 10 கிலோமீட்டரை 12 நிமிடங்களுக்குள் கடந்தார். பின்னர் வேகம் சற்றுத் தளர்ந்தாலும், மணி முடிந்தபோது 49.431 கிலோமீட்டரை எட்டி, டென்மார்க்கின் ஓலே ரிட்டர் 1968இல் அதே நகரில் நிறுவிய 48.653 கிலோமீட்டர் சாதனையை முறியடித்தார். தம் வாழ்வில் இதைவிடக் கடினமான ஓட்டம் வேறில்லை என்று சொன்ன அவர், மீண்டும் அதை முயலவே இல்லை.

1975 டூரில் மலையேற்றம் ஒன்றில் பார்வையாளர் ஒருவர் அவரை வயிற்றில் குத்தினார். சில நாள் கழித்து, அதே ரிட்டரோடு மோதி விழுந்ததில் முக எலும்பு முறிந்தது. ஆயினும் பந்தயத்தைக் கைவிடாமல் பாரிஸ்வரை ஓடி இரண்டாமிடம் பெற்றார். 1978இல் ஓய்வை அறிவித்தபோது, அவர் வென்ற பந்தயங்களின் எண்ணிக்கை 525 என்று பரவலாகக் கணக்கிடப்பட்டது.

பின்வந்த ஆண்டுகளில் புதுவகைச் சக்கரங்களும் காற்றைக் கிழிக்கும் வடிவமைப்புகளும் ஒரு மணி நேரச் சாதனையை வெகுதூரம் உயர்த்தின. சாதனை வீரருடையதா, வண்டியுடையதா என்ற கேள்வி எழவே, மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற பழைய வடிவ வண்டியில் ஓடுவதே உரிய சாதனை என்று உலகச் சைக்கிள் கூட்டமைப்பு விதித்தது. அவ்விதியின்படி 2000 அக்டோபரில் மான்செஸ்டர் தடத்தில் ஓடிய பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மேன் எட்டிய தூரம் 49.441 கிலோமீட்டர். 28 ஆண்டுகளுக்குப் பின், தடப் பந்தயத்தில் தேர்ந்த ஒரு வீரர், சாலையிலிருந்து வந்த மெர்க்ஸைக் காட்டிலும் கூடுதலாக ஓட முடிந்தது பத்து மீட்டர் மட்டுமே.