கல்லூரி ஆசிரியர் பயிற்சி: பயனும் குறையும்

பள்ளியில் தமிழ் கற்பிக்க வருபவர் ஆசிரியப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். முதுகலை மாணவர்க்குக் கற்பிப்பவருக்கோ இத்தகைய நிபந்தனை இல்லை. முனைவர் பட்டமோ தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ போதும் எனக் கொள்ளப்படுகிறது. அத்தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய வினாக்கள் உள்ளன எனினும், ஒரு வகுப்பை நடத்திக் காட்டுமாறு அத்தேர்வு யாரையும் கேட்பதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் நோக்குடன், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக நல்கைக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி (144 மணி நேரம்), பணியில் முதிர்ந்தோர்க்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி (108 மணி நேரம்) என்பது நெடுங்காலம் நிலவிய அமைப்பாகும். இக்கல்லூரிகள் 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023இல் மதன்மோகன் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாற்றம் பெற்றன. மாளவியா மையங்களாக மாறியவை 111 ஆகும்.

இப்பயிற்சிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. சிற்றூர்க் கல்லூரியொன்றில் தம் துறையில் தனித்து நிற்கும் ஆசிரியர், தம்மையொத்த பிறரைச் சந்திக்கும் வாய்ப்பு இங்குதான் கிட்டுகிறது. நல்லதொரு நூலகத்தில் சில நாள்கள் அமரவும் இயலுகிறது. அறிமுகப் பயிற்சியில் பல துறையினரும் ஒருங்கே அமர்வதால், வேற்றுமை உருபைத் தாவரவியல் ஆசிரியருக்கு விளக்க வேண்டிய நிலை தமிழாசிரியருக்கு ஏற்படுகிறது. பாடத்திட்டத்தில் எழுதப்படாத இப்பயிற்சியே அங்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி எனலாம்.

குறை தொடங்கும் இடம் பதவி உயர்வு. பயிற்சிச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு இன்றியமையாததாக ஆக்கப்பட்டதனால் இருக்கைகள் நிரம்பின. ஆனால் அதே காரணத்தால் வருகைப் பதிவேடே பயிற்சியின் மையமாயிற்று. உயர்வுக்குரிய காலம் நெருங்கும்போது வருபவர், தம் வகுப்பறைச் சிக்கல் எதனையும் கொண்டு வருவதில்லை.

இதனினும் பெரிய குறை பயிற்சியின் உள்ளடக்கத்தில் உள்ளது. நாள்தோறும் வெவ்வேறு வல்லுநர் வந்து தாம் ஆய்ந்த பொருள் குறித்து உரையாற்றிச் செல்கின்றனர். கற்பிப்பது எவ்வாறு என்னும் வினா எழுவதேயில்லை. இப்பிழையைச் செய்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். தமிழாசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சியொன்றில் ஒலியன், மாற்றொலி ஆகியவற்றின் வரையறைகளை ஒரு மணி நேரம் விளக்கினேன். இடைவேளையில் ஒருவர், “வரையறை எங்களுக்குத் தெரியும் ஐயா; மாணவன் காதில் வேறுபாடே விழவில்லை என்கிறானே, அவனுக்கு என்ன சொல்வது?” என வினவினார். அன்று என்னிடம் விடை இல்லை.

அவர் கேட்டது நியாயமானது. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரத்தின் ஒலிப்பு வேறுபடுகிறது. எழுத்து ஒன்றேயாதலின் தமிழ் மாணவர் மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறார். இந்தியிலோ காலத்தைக் குறிக்கும் சொல்லும் கன்னத்தைக் குறிக்கும் சொல்லும் முதலொலியின் வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கால்’ என்றே அமையும். இவ்விரு சொற்களையும் ஒலித்துக் காட்டிவிட்டு, அவற்றைத் தமிழில் எழுதுமாறு மாணவரைப் பணித்தால் வரையறை தானே உருவாகும். தேவைப்பட்டது இத்தகைய வழியே. அதனைப் பங்கேற்பாளர்கள் கூடித் தேட ஒரு பிற்பகல் போதுமானது.

பயிற்று மொழி குறித்தும் ஒன்று கூற வேண்டும். அறிமுகப் பயிற்சியின் உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. பங்கேற்பாளர் பலர் ஊர் திரும்பித் தமிழில் விளக்க வேண்டியவர்கள். எழுத்துத் தமிழில் குறிப்புரைத்துப் பேச்சுத் தமிழில் விளக்கும் இருநிலை வழக்கு நம் வகுப்பறையின் இயல்பு. எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பதைப் பயிற்சித் திட்டங்கள் பொருட்படுத்துவதில்லை.

1950களின் இடைப்பகுதியில் புனே தக்காணக் கல்லூரி நடத்திய மொழியியல் கோடைப் பள்ளிகள் இங்கு நினைவுகூரத் தக்கவை. அவை ஒரு தலைமுறை இந்திய மொழியியலாரை உருவாக்கின. அங்குப் பங்கேற்றோர் மொழித் தரவைத் தாமே பகுத்தாய்ந்து பழகினர். இன்றைய பயிற்சியிலும் இறுதி வாரத்தைப் பங்கேற்பாளரின் சொந்த வகுப்பறைக்கு மாற்றலாம். அங்கு அவர் நடத்தும் இரண்டு பாடங்களைப் பயிற்றுநர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்ட பின்னரே சான்றிதழ் வழங்கப்பட வேண்டும்.