பொறியின் பாலம்

கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் 'சிஎன்சி ரூட்டர்' என்னும் பொறியை வீட்டிலேயே அமைப்போர் உளர். அதில் வெட்டும் கருவியைத் தாங்கி, மேசையின் குறுக்கே நிற்பது பாலம். அது இம்மி வளைந்தாலும், வெட்டிய வட்டம் வட்டமாக இராது.

இருமுனையிலும் தாங்கப்பட்ட உத்திரத்தின் நீளம் 2 மடங்கானால், அதே சுமைக்கு நடுவில் அது 8 மடங்கு வளையும். அகலம் மாறாமல் உயரத்தை 2 மடங்காக்கினால், வளைவு 8இல் ஒரு பங்காகக் குறையும்.

வளைவோடு முறுக்கும் உண்டு. கருவி பாலத்தின் முன்பக்கம் தாழத் தொங்குவதால், வெட்டும் விசை பாலத்தை முறுக்கும். ஒருபுறம் திறந்த சட்டத்தைவிட, நாற்புறமும் மூடிய குழாய் முறுக்கைப் பன்மடங்கு எதிர்க்கும்.

கனத்த இரும்பைத் திணிப்பதாலும் பயனில்லை. எடை மிகின் பொறி விரைந்து திசை மாறாது. ஆதலின் நீளம் குறைந்து, உயரம் மிக்கு, உள்ளீடின்றி மூடிய குழாயே பாலத்துக்கு ஏற்றதாகும்.