உருக்கினால் கூடுதல் காசு

சாத்தான்குளம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தராசுக்கு அருகிலேயே ஒரு காந்தத் துண்டும் கிடக்கும். மூட்டையில் வருவது எதுவானாலும் முதலில் அதில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு, ஒரு விலை. ஒட்டாவிட்டால் செம்பா, பித்தளையா, அலுமினியமா என்று பிரித்து வேறு விலை. செம்பு கிடைத்தால் கடைக்காரர் முகம் மலரும். கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட உலோகம் அது.

அதே காந்தத்தை நம் சில்லறைப் பையிலும் காட்டிப் பார்க்கலாம். இன்று புழங்கும் ஒரு ரூபாய் எஃகு நாணயம் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் 1992-இல் வந்த தடித்த ஐந்து ரூபாய் அசையாது. ஒன்பது கிராம் எடை. விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு பள்ளம் ஓடும். கையில் வைத்தாலே கனம் தெரியும். அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். வெள்ளையாக இருப்பதால் அதற்குள் அவ்வளவு செம்பு இருப்பது யாருக்கும் தோன்றாது.

கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும் தோன்றியது. ஒரு கிலோவுக்கு அந்த நாணயம் ஏறக்குறைய 111 நிற்கும். முகமதிப்பு 555 ரூபாய். 2007 மே மாதம் உலகச் சந்தையில் நிக்கல் டன் 50,000 டாலரைத் தாண்டியது. செம்பும் 7,000 டாலருக்கு மேல் நின்றது. அன்றைய டாலர் விலையில் ஒரு கிலோ நாணயத்தில் இருந்த முக்கால் கிலோ செம்பையும் கால் கிலோ நிக்கலையும் கூட்டினால் 700 ரூபாய்க்கு மேல் வரும். அரசே அச்சடித்துக் கொடுத்த பொருள், அரசு சொன்ன விலையைவிட உலையில் கூடுதலாகப் போகிறது. அதே 2007-இல் ஐந்து ரூபாயும் எஃகுக்கு மாறியது.

அந்த ஆண்டு கொல்கத்தாவில் சில்லறைப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஒரு ரூபாய் நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு சவர பிளேடாக மாறுகின்றன, ஒரு நாணயத்தில் ஐந்து முதல் ஏழு பிளேடு வரை வருகிறது என்று போலீசார் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் சில்லறைக்குப் பதிலாக அட்டைச் சீட்டு கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் அந்த பிளேடு கதை இன்று தடித்த ஐந்து ரூபாயின் தலையில் ஏற்றப்பட்டுச் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். செம்பு-நிக்கல் கலவை பிளேடு செய்ய ஆகாது. அதன் ஆபத்து அதிலிருந்த உலோகத்தின் விலைதான்.

இந்த ஆபத்து நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மக்கள் வெள்ளி ரூபாயை வீட்டுக்குள் பதுக்கத் தொடங்கினார்கள். 1940-இல் அரசு வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்தது, ஒரு ரூபாய் நோட்டை இறக்கியது, தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. செம்புக்கும் அதே கதி. தோட்டாவுக்கும் குண்டுக்கும் செம்பு வேண்டியிருந்ததால், ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்த காலணா 1943-இல் நடுவில் துளை விழுந்து சுமார் இரண்டு கிராமுக்கு இளைத்தது. பாட்டிகள் சொல்லும் ஓட்டைக் காலணா அதுதான். அப்போதும் அது தப்பவில்லை. திருகாணிக்கு வாஷராகப் போட்டவர்களும் உண்டு, குழந்தையின் அரைஞாணில் கோத்தவர்களும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1957-இல் வந்த நயா பைசா வெண்கலம். பிறகு பித்தளை வகைக்கு மாறி, 1960களின் நடுவில் அலுமினியத்துக்கு இறங்கியது. சில்லறையை உருக்குவதையும் பதுக்குவதையும் தடுக்க 1971-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இப்போது அதன் இடத்தில் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இருக்கிறது. நாணயத்தை உருக்கினாலோ அழித்தாலோ ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அதே 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்றானது. சட்டம் கடுமையானதுதான். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், உருக்குவதை நிறுத்தியது பெரும்பாலும் சிறைப் பயமல்ல. மலிவான உலோகத்துக்கு மாறியதுதான். இதில் நஷ்டப்பட்டது யார் என்றும் கேட்க வேண்டும். சில்லறைக்குப் பதில் மிட்டாயை வாங்கிக்கொண்டு கடையிறங்கியவர்கள்தான். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் விட்டுப்போனால் வலிப்பது அன்றாடக் கூலிக்காரருக்கே.

அமெரிக்காவில் உலோகத்துக்காக நாணயம் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. அங்கே 1982-இல் ஒரு சென்ட் நாணயம் 95 சதவீதச் செம்பிலிருந்து செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். வங்கியில் பெட்டி பெட்டியாக வாங்கி, உலோகத்தை வைத்துப் பிரிக்கும் சிறு இயந்திரத்தில் ஓட்டி, செம்புச் சென்ட்டை மட்டும் வாளி வாளியாகச் சேர்க்கிறார்கள். 2006 டிசம்பரில் உருக்கத் தடை வந்தது. பிரித்து வைத்துக்கொள்ளத் தடை இல்லை. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் அச்சடிப்பதே நின்றது. தடை என்றைக்காவது விலகும் என்று சேர்த்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு கவலை உண்டு: மண்ணில் கிடைக்கும் பழங்காசும் எடைக்குப் போய்விடலாம். கொற்கையும் ஆதிச்சநல்லூரும் உள்ள மாவட்டம் இது. பாண்டியர் காலம் தொடங்கி டச்சுக்காரர் காலம் வரை இந்தக் கரையில் செப்புக் காசு புழங்கியது. பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் காசுகளைப் பற்றி மட்டுமே லோவந்தால் என்ற டேனிஷ் பாதிரியார் 1888-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அத்தனை வகை கிடைத்திருக்கிறது. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த சங்க காலப் பாண்டியர் காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொண்டுவந்தபோது, இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் செம்பில் எழுத்தாக நின்றது. அப்படிப்பட்ட காசு சில கிராம்தான் இருக்கும். எடைக்குப் போட்டால் நாலைந்து ரூபாய் தேறுவதே அபூர்வம்.

தோட்டம் உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பச்சை பிடித்த காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. தாலுகா அலுவலகம் சாத்தான்குளத்திலேயே இருக்கிறது. அங்கே எழுதிக் கொடுக்கலாம். கிடைத்த இடம், ஆழம், உடன் கிடந்த ஓட்டுத் துண்டு ஆகியவற்றையும் குறித்துக் கொடுத்தால் தொல்லியல் துறைக்கு அது பெரிய உதவி.