குளிசையும் தேநீரும்

எங்கள் பாடசாலையில் காலைப் பிரார்த்தனையின்போது மாணவி ஒருத்தி அடிக்கடி மயங்கி விழுவாள். இரத்தச் சோகை எனக் கண்ட வைத்தியர் இரும்புச் சத்துக் குளிசை கொடுத்திருந்தார். மூன்று மாதம் தவறாது விழுங்கியும் குணம் தெரியவில்லை. தாயாரை அழைத்து விசாரித்தேன். "விடிய எழும்பினதும் தேத்தண்ணியோடுதான் கொடுக்கிறேன், ஐயா" என்றார். குளிசையிற் குற்றமில்லை, அதனுடன் சென்ற துணையே பிழை.

இரும்பு, துத்தநாகம், செம்பு முதலியன வாய்க்குட் சென்றதனாலேயே இரத்தத்திற் சேர்ந்துவிடா. சிறுகுடலின் மேற்பகுதியே அவை உட்புகும் வாயில். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளுமாயின், அதிற் பெரும்பகுதி உட்புகாது மலத்துடன் கழிந்துவிடும். கோப்பியும் அவ்வாறே. கல்சியக் குளிசையும் பாலும் இரும்பின் வழியை மறிப்பன. ஆதலாலேயே கர்ப்பிணித் தாய்மாருக்கு இவ்விரு குளிசைகளையும் வெவ்வேறு வேளைகளில் உட்கொள்ளுமாறு கூறுகின்றனர். இரைப்பையின் அமிலமே இரும்பைக் கரைத்து ஆயத்தப்படுத்துவது. நெஞ்செரிவு மருந்துகளோ அவ்வமிலத்தைத் தணித்துவிடுகின்றன.

துத்தநாகத்தின் கதை இன்னும் விந்தையானது. வளர்ந்த ஆடவருக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் போதும். தடிமனுக்கு நல்லதென்று கேள்வியுற்றுத் தாமாகவே வாங்கி, 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் வாரக் கணக்காக விழுங்குவோர் உளர். அப்போது குடலின் உயிரணுக்களில் ஒருவகைப் புரதம் பெருகுகிறது. அது துத்தநாகத்தைவிடச் செம்பையே இறுகப் பிடிக்கும். அவ்வணுக்கள் சில நாட்களில் உதிரும்போது செம்பும் உடன் கழிகிறது. செம்பு குன்றினால் இரத்தச் சோகை உண்டாகும், கால்களும் மரத்துப்போகும். உடலிற் செம்பு மிகுந்து தேங்கும் வில்சன் நோய்க்கு இதே துத்தநாகம் மருந்தாகிறது என்பதும் கருதற்பாலது.

இத்தடை ஒருபக்கமானதன்று. தைரொயிட் சுரப்பி குன்றியோர் உட்கொள்ளும் தைரொக்சினும், டெட்ராசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் இரும்புடன் சேர்ந்தால் தம் வலுவை இழக்கின்றன. தைரொக்சினுக்கும் இரும்புக்கும் இடையே நான்கு மணி நேரமாவது செல்ல வேண்டும்.

ஆகவே, இரும்புக் குளிசையைத் தண்ணீருடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ விழுங்குங்கள். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பு உட்புகத் துணைசெய்யும். தேநீரை இரண்டு மணி நேரம் பிந்திப் பருகுங்கள். வைத்தியரிடம் செல்லும்போது, கடையில் வாங்கி விழுங்கும் சத்துக் குளிசைகளையும் மறையாது சொல்லுங்கள். அவரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்தத் தாயார் குளிசையை விட்டுவிடவில்லை. தேநீரின் வேளையை மட்டுமே மாற்றினார். அடுத்த தவணையில் அம்மாணவி பிரார்த்தனை முடியும்வரை நிமிர்ந்து நின்றாள்.